இருபத்தொண்ணுக்குள்ள

கார்க் கண்ணாடிய எறக்குனா கொசு, ஏத்துனா புழுக்கம். நவம்பர் மாசத்துல என்ன கொசு, அமெரிக்காவுல இந்த ஜார்ஜியாவுல கொசுவுக்குக்கூட காலநேரம் கெடையாது, இரு, பாதி எறக்கிக்கறேன், பாதிக் கொசு வரட்டும். மிதுனா உள்ள போயிட்டா. கதவு தானாத் தொறந்து தானா மூடிக்கிச்சு. பின்னால இருந்து பாத்தா முதுகுல பை, பைக்குக் கீழ ரெண்டு காலு, மேல ஒரு கொண்டை, நடுவுல பொண்ணே இல்லாம பை மட்டும் நடந்து போற மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாப்பாளான்னு பாத்தேன். பாக்கல. இங்க வந்த புதுசுல, அஞ்சு வயசுல பள்ளிக்கூடத்துல விட்டப்ப என் துப்பட்டாவக் கையில சுத்திக்கிட்டு விடவே மாட்டேன்னா, அந்த டீச்சரம்மா ஒவ்வொரு விரலாப் பிரிச்சா, நான் வெளிய வந்து இதே மாதிரி கார்ல உக்காந்து அழுதேன், அப்ப வேற காரு. இப்ப விரலைப் பிரிக்க ஆளே வேண்டாம். பதினாறு வயசுல காலேஜுக்குப் போறா எம்பொண்ணு. படிக்கறது பதினொண்ணாவது, ஆனா மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் இங்க வந்து காலேஜ் பசங்களோட உக்காந்து கால்குலஸ் படிக்கறா, டூயல் என்ரோல்மெண்ட்டாம், ஒரே நேரத்துல பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அவதான், காலேஜ் பிள்ளையும் அவதான். ஊருக்குப் போன் பண்ணி எங்கம்மாகிட்டச் சொன்னப்ப, அதெப்படி புள்ள, வயசுக்கு வர்றதுக்கு முன்னால கல்யாணம் பண்ற மாதிரின்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்ப எனக்கு அது பெருமையாத்தான் இருந்துச்சு.

பெருமைக்காகச் சேத்தல, அதையும் சொல்லோணும், பெருமைக்குப் பள்ளிக்கூடத்து மார்க்கே போதும். இருபத்தொண்ணுதான் காரணம். இந்த நாட்டுல அவ எங்க விசாவுல ஒட்டிக்கிட்டு இருக்கறா, அவங்கப்பா வேலை விசா, நாங்க ரெண்டு பேரும் அதுக்கு வால். பிள்ளைக்கு இருபத்தொண்ணு முடிஞ்ச அன்னிக்கு அந்த ஒட்டு விட்டுப் போயிரும். அப்புறம் அவளுக்குன்னு ஒரு விசா வேணும், இல்லாட்டி பொட்டியக் கட்டோணும். க்ரீன் கார்டு வரிசையில நிக்கறோம், நிக்கறோம், நம்ம முறை வர்றப்ப நம்ம படத்துக்கு மாலை போட்டிருக்கும் வளருன்னு அவங்கப்பா எங்கிட்டச் சொல்லுவாரு, ஆபீஸ்ல அவரு பேரு மூர்த்தி, வீட்டுல ஈஸ்வரமூர்த்தி, எங்க போனாலும் இந்த ஜோக்கு. அதுக்குத்தான் கணக்குப் போட்டோம். பள்ளிக்கூடத்துல இருக்கறப்பவே காலேஜ் பாடத்துல பாதிய முடிச்சுட்டா பத்தொம்பது இருபதுல டிகிரி, உடனே வேலை, அந்தக் கம்பெனிக்காரன் போடற விசா, இருபத்தொண்ணுக்குள்ள. இருபத்தொண்ணுக்குள்ள. ஒலை கொதிக்கறப்ப கூட எனக்கு அப்படித்தான் கேக்குது. அவ தூங்கிட்டான்னு நெனச்சுக்கிட்டு ரூம்ல அவரும் நானும் பேசறது எல்லாம் அதுதான். மத்தவங்க வீட்டுல பொண்ணு வளந்தா சந்தோசப்படுவாங்க, நான் ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் கேக்கு வெட்டறப்ப இன்னும் எத்தனை வருசம்னு எண்ணிக்கிட்டு நிக்கறேன்.

இங்க எங்களோட பழகற உமாக்காவோட பையன் மட்டும் ஊருக்குப் போகாம இருந்திருந்தா நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நவநீத். ரெண்டு வயசுல வந்தவன், இங்க நடக்கற தமிழ்ப் பள்ளிக்கூடத்துல நான்தான் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தேன், ‘ழ’ வராது, நாக்க வெளிய நீட்டிக்கிட்டு முக்குவான். ஒரு வருசம் சும்மா வீணாப் போச்சு, என்ன படிக்கறதுன்னு தெரியலைன்னு ஊர் சுத்துனான், அப்புறம் இருபத்தொண்ணு நெருங்கறப்ப மாணவர் விசாவுக்கு எழுதிப் போட்டாங்க, இல்லைன்னுட்டாங்க, அவ்வளவுதான், கோயமுத்தூர்ல ஒரு காலேஜு, ஹாஸ்டல், அவனுக்கு அங்க ஒரு ஈ காக்காயத் தெரியாது. ஏர்போர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். உமாக்கா அழுகல. பையன் உள்ள போனதுக்கு அப்புறம் அவன் குடிச்சுட்டு வெச்ச காப்பிக் கப்ப எடுத்து மீதியக் குடிச்சாங்க. ஆறிப் போயிருக்கும். நான் பாத்துக்கிட்டே நின்னேன், என் மனசுல ஓடுனது என்ன தெரியுங்களா, அட கெரகமே, எம்பொண்ணுக்கு இது வரக்கூடாதுன்னு மட்டுந்தான் ஓடுச்சு, அவங்க பக்கத்துல நின்னுக்கிட்டே அப்படி ஓடுச்சு. மறுநாளே நான் இந்த டூயல் சமாச்சாரத்தை நெட்டுல தேடிட்டேன். அவருக்குக் காட்டுனேன். அவர் பாத்துட்டு, முன்னாலயே தெரியாமப் போச்சேன்னாரு.

மிதுனாகிட்டக் கேட்டோமா? கேட்டோம். கேட்டோம்னா, சொன்னோம். சரிங்கம்மா-ன்னா. அவ எல்லாத்துக்கும் சரிங்கம்மா தான், ‘ங்க’ போட்டுப் பேச நான்தான் பழக்குனேன், இங்க பொறந்து வளந்த பிள்ளைங்க அப்பனையே பேரு சொல்லிக் கூப்புடறப்ப எம்பொண்ணு வாங்க போங்கன்னு பேசறான்னு கோயில்ல எல்லாரும் மெச்சுவாங்க. ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டா. அம்மா நீங்க உள்ள மட்டும் வராதீங்க, காலேஜுக்கு யாரும் அம்மாவக் கூட்டிட்டு வர மாட்டாங்க. வர மாட்டேன் கண்ணு, நான் பாட்டுக்கு கார்ல இருக்கறேன்னேன். வீட்டுக்குப் போயிட்டு திரும்பி வரலாமேம்மா-ன்னா. எதுக்கு, நான் இங்கயே இருக்கறேன், எனக்கு வேற என்ன வேலைன்னேன். நெசமாவே எனக்கு வேற வேலை இல்ல, என் விசாவுல தனி அனுமதி இல்லாம வேலைக்குப் போக முடியாது, அது இன்னும் வரல. எங்கூர்க் கோபி காலேஜ்ல பி.எஸ்சி. மேக்ஸ் படிச்சவ, இந்த நாட்டுல கூட்டிக் கழிச்சுப் பாக்கறது பால் டப்பாவுல போட்டிருக்கற தேதியத்தான். அப்ப ஆரம்பிச்சதுதான் இது. காலேஜ்ல எந்த வாரம் என்ன நடத்தறாங்கன்னு நெட்டுலயே போட்டிருக்கறான். அதை வெச்சுக்கிட்டு கார்லயே உக்காந்து, கடையில குடுக்கற விளம்பரத் தாளோட பின்பக்கத்துல, நானும் கணக்குப் போட்டுப் பாக்கறேன். அவ ஒரு நாளைக்கு அம்மா இது புரியலைன்னு கேட்டா முழிக்கக் கூடாதில்ல. ஒண்ணு வருது, சுவத்துல சாத்தி வெச்ச ஏணி சறுக்கிக்கிட்டே வருது, அடி எந்த வேகத்துல நகருது, தலை எந்த வேகத்துல எறங்குதுன்னு. மொத நாளு எனக்குச் சிரிப்பு, ஏண்டா ஏணி சறுக்குதுன்னா யாராவது போயிப் புடிங்கடா, நின்னு வேகத்தைக் கணக்குப் பண்ணிக்கிட்டு. ஆனா விடை வந்துச்சு. இருபது வருசம் கழிச்சு விடை வந்துச்சு, கார்ல ஒத்தையில உக்காந்து கை தட்டிக்கிட்டேன். அவ இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்ல.

அவ மார்க்கு என்னன்னும் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து மார்க்குன்னா போன்ல டிங்குன்னு வந்துரும், அவ வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே அரை மார்க்கு எங்க போச்சுன்னு நான் வாசல்ல நிப்பேன். காலேஜ் அப்படியில்ல. ஒருக்கா போன் பண்ணுனேன். அந்தப் பக்கம் ஒரு பொம்பளை, தேனாப் பேசறா, மேடம் உங்க பொண்ணு எங்க ஸ்டூடண்ட், அவ சம்மதம் இல்லாம உங்ககிட்ட ஒண்ணும் சொல்ல முடியாது, சட்டம். ஏனுங்கம்மா, அவளுக்குப் பதினாறு வயசு, நேத்து வரைக்கும் நான் தலை சீவி விட்டவ, அவ காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கறதுக்கு என் கையெழுத்துக் கேக்கற ஊரு, மார்க்குக்கு மட்டும் அவ பெரிய மனுசியான்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கறதுக்குள்ள ஹேவ் எ நைஸ் டேன்னு வெச்சுட்டா. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறம்பாங்க, இங்க அதைச் சட்டமாவே போட்டு வெச்சிருக்கறான்.

செப்டம்பர் கடைசியா இருக்கும், ராத்திரிச் சாப்பாட்டுல மெதுவா ஆரம்பிச்சா. அப்பா, நான் கால்குலஸை ட்ராப் பண்ணிக்கட்டுமா, ரொம்ப வேகமாப் போறாங்க, எனக்குப் புரியறதுக்குள்ள அடுத்தது போயிருது. நான் தோசைக்கல்லுகிட்ட நிக்கறேன். அவர் சாப்புடறதை நிறுத்தல. ட்ராப்பா? ட்ராப்னா ஓடிப் போறது சாமி. நாம ஓடற வம்சம் இல்ல. எழுது, பாஸாகலையா, போனாப் போகுது, அது ஒரு அரியர். அப்பா எத்தனை அரியர் வெச்சிருந்தேன் தெரியுமா, எம்-த்ரீங்கற கணக்குப் பேப்பர்ல மட்டும் மூணு தடவை போச்சு, கடைசியில எல்லாத்தையும் ஒரே மூச்சுல கிளியர் பண்ணல? இப்ப அமெரிக்காவுல உக்காந்து தோசை திங்கல? இவர் எங்க கூடுனாலும் பெருமையாச் சொல்றது இந்த அரியர் கதைதான், பெருந்துறைப் பக்கம் படிச்ச அத்தனை எஞ்சினியரும் சேந்துக்குவாங்க, யாருக்கு அதிகம்னு போட்டியே நடக்கும். மிதுனா தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா, அப்பா, இங்க அரியர் கெடையாது, ஃபெயிலானா அது அப்படியே காலேஜ் ரெக்கார்டுல நிக்கும், எப்பவும் போகாது, எந்தக் காலேஜ்ல கேட்டாலும் காட்டோணும், ட்ராப் பண்ணுனாத்தான் நல்லது. அதெல்லாம் இவனுங்க பயமுறுத்தறது, மறுபடி எழுதுனா மேல ஒட்டிருவான், எந்த ஊர்லயும் அப்படித்தான்னாரு. அவ என்னைப் பாத்தா. நான் பி.எஸ்சி. மேக்ஸ். எங்க காலேஜ்லயும் அரியர் உண்டு, ஆனா இந்த ஊர் வழக்கம் வேறன்னு அவ சொல்றது சரியாத்தான் இருக்கும்னு எனக்கு உள்ளுக்குள்ள தட்டுச்சு. தட்டுச்சு, ஆனா கல்லுல தோசை கருகுது, மனசுல உமாக்கா நிக்கறாங்க, கையில அந்தக் காப்பிக் கப்பு. அப்பா சொன்னாச் சரியா இருக்கும் கண்ணு, இன்னும் கொஞ்சம் முக்கிப் பாருன்னேன். சரிங்கம்மா-ன்னா. தோசை வேண்டாம்னு எந்திரிச்சுட்டா.

அதுக்கப்புறம் அக்டோபர் பூரா வீட்டுல ஒரு மாதிரிதான் இருந்துச்சு. டப்பாவுல குடுத்து விடற சோறு அப்படியே திரும்பி வரும். குளிக்கற எடத்துல முடியாக் கெடக்கும், நான் அள்ளி அள்ளிக் குப்பையில போடுவேன், இத்தனை முடி போனா தலையில என்ன இருக்கும்னு பயமாயிருக்கும். ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா அவ ரூம்ல லைட்டு எரியும். உள்ள போயி உக்காந்து, என்ன சாமி, என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கலாம். கேட்டா அவ சொல்லிருவாளோன்னுதான் கேக்கல. சொல்லிட்டா நான் ஏதாவது செய்யோணுமே. இந்தப் பொழப்பப் பாத்தீங்களா, பெத்த பிள்ளை வாயத் தொறந்துருவாளோன்னு பயந்து கதவுக்கு வெளிய நின்னவ நான். ஆனா இப்ப ரெண்டு மூணு வாரமாப் பரவால்ல, அதைச் சொல்லோணும். லைட்டு சீக்கிரம் அணையுது. நேத்து சந்தவை புழிஞ்சு தேங்காப்பால் ஊத்திக் குடுத்தேன், ரெண்டாந்தடவை கேட்டு வாங்கித் தின்னா. கார்ல ஏறறப்ப என்னமோ ஒரு பாட்டு முணுமுணுத்தா. பாடம் புடிபட்டுருச்சு, அவ்வளவுதான், மொதல்ல எல்லாம் கஷ்டமாத்தான் இருக்கும், சைக்கிள் ஓட்டற மாதிரி, கீழ விழுந்து எந்திரிச்சாச் சரியாயிரும்னு நான் அவர்கிட்டச் சொன்னேன், அவர் மீசையத் தடவிக்கிட்டு, பாத்தியா புள்ள, அன்னிக்கு விட்டிருந்தா என்னாயிருக்கும்னாரு. நான் சாமி படத்துக்கு ஒரு பூ கூட வெச்சேன்.

யாரது கண்ணாடியத் தட்டறது. ஓ, ரோண்டா. இன்னிக்குப் பக்கத்துல நிக்கற அந்தப் பெரிய வண்டி இவளுது, பட்டாளத்துல லாரி ஓட்டிக்கிட்டு இருந்தவ, என் வயசுதான் இருக்கும், எஞ்சினியரிங் படிக்கோணும்னு இப்ப வந்து சின்னப் பசங்களோட உக்காந்திருக்கறா. மிதுனா கிளாஸுதான். ஆரம்பத்துல எம்பொண்ணு பக்கத்துலதான் உக்காருவா, உங்க மக எனக்குச் சொல்லித் தர்றான்னு ஒரு நாள் எங்கிட்டச் சொன்னா, அன்னிக்குப் பூரா எனக்குக் கால் தரையில படல. என்னமோ வண்டியில விட்டுட்டுப் போயிட்டாளாம், எடுக்க வந்தாளாம், குனிஞ்சு சிரிக்கறா. எப்படி இருக்கறீங்க, மிதுனா எப்படி இருக்கறா? நல்லா இருக்கறா, தேங்க் யூன்னேன். அவ இல்லாம எனக்கு அந்தப் பக்கமே காலியாத் தெரியுது, கிளாஸை விட்டுட்டுப் போனதுல இருந்து அவளைப் பாக்கவே இல்ல, ப்ரொஃபசர் கூட ஒரு நாள் விசாரிச்சாரு, நல்ல பிள்ளை, ரொம்பத்தான் பயந்துக்கிட்டா, அவளுக்கு என்ன வயசு, சின்னக் குழந்தைதானே, பொறுத்து வந்து படிச்சுக்கட்டும், சரியாத்தான் செஞ்சீங்க, நான் கேட்டேன்னு சொல்லுங்க. சொல்றேன்னேன். ஆமா நீங்க இங்க எங்கன்னு கேக்கறா. லைப்ரரியில ஒரு புக்கு குடுக்க வேண்டியிருந்துச்சு, அதான் வந்தோம். என் வாயா அதைச் சொல்லுச்சு? எவ்வளவு சுளுவா வருது பொய்யி. கைய ஆட்டிட்டுப் போறா. நானும் ஆட்டறேன். சிரிச்ச முகம் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது, கீழ எறங்க மாட்டேங்குது.

கிளாஸை விட்டுட்டுப் போனதுல இருந்து. அப்படித்தானே சொன்னா. என் இங்கிலீஷ் அவ்வளவு மோசம் இல்ல. விட்டுட்டாளா. எப்ப விட்டா. சந்தவை கேட்டு வாங்கித் தின்னாளே, அப்பவா. லைட்டு சீக்கிரம் அணைஞ்சுச்சே, அப்பவா. அப்ப நான் பூ வெச்சது எதுக்கு? ஐயோ முருகா, நான் ஒருத்தி லூஸு மாதிரி அவளைக் கொண்டு வந்து எறக்கி விட்டு, முடிச்சு வர்ற வரைக்கும் இங்க உக்காந்து, சறுக்கற ஏணிய முடிச்சு, வளைகோட்டுக்கு அடியில இருக்கற பரப்பு வரைக்கும் வந்துட்டேன், அவ விட்டுட்டா, நான் விடல, அந்தக் கிளாஸை இத்தனை நாளும் படிச்சுக்கிட்டு இருந்தது நான்தான். எனக்கு மார்க்குப் போடுவானா அவன்? சிரிப்பு வருது. சிரிக்காத வளர்மதி, யாராவது பாத்தா பைத்தியம்பாங்க. வரட்டும் அவ. வரட்டும், கார்ல ஏறட்டும், இன்னிக்கு என்ன கண்ணு நடத்துனாங்கன்னு கேக்கறேன், என்ன சொல்றான்னு பாக்கறேன். நேத்தெல்லாம் என்ன சொன்னா? நல்லாப் போச்சுங்கம்மா. அவ்வளவுதான் சொல்லுவா. நானும் அதுக்கு மேல கேக்க மாட்டேன். பொய் சொல்றதுக்கு இத்தனை தைரியம் எங்க இருந்து வந்துச்சு, சோறு போட்டு, கார் ஓட்டி, வெயில்ல காஞ்சு... இரு. கொஞ்சம் இரு. கிளாஸ் இல்லைன்னா அவ உள்ள என்ன பண்றா? தெனமும் அந்தக் கதவுக்குள்ள போறாளே, போயி எங்க இருக்கறா? யாரோட இருக்கறா? எங்கயாவது பின்பக்கமாப் போயிட்டாளா? எவனாவது? தானாக் கனியாததைத் தடியால அடிச்சாக் கனியுமான்னு எங்கூர்ல மாங்காய்க்குச் சொல்லுவாங்க. இருபத்தொண்ணுல போயிருவாளேன்னு பயந்து பயந்து ஓட்டுனேன், அவ பதினாறுலயே எங்கிட்ட இருந்து போயிட்டா, எனக்குத்தான் தெரியல.

எறங்கிட்டேன். கார்ச் சாவி கையில இருக்குது, பூட்டுனனா இல்லையான்னு தெரியல. வர மாட்டேன்னு சொன்னவதான், போனாப் போகுது, அவ சொன்னதை மட்டும் அவ காப்பாத்துனாளா. கதவு எனக்கும் தானாத் தொறக்குது. உள்ள குளுகுளுன்னு இருக்குது, காப்பி வாசம், கார்பெட் கழுவற மருந்து வாசம். எல்லாரும் காதுல எதையோ மாட்டிக்கிட்டுப் போறாங்க, ஒருத்தரும் என்னைப் பாக்கல. மேஜைக்குப் பின்னால ஒரு அம்மா உக்காந்திருக்கறா, அவகிட்டக் கேக்கலாம், என்னன்னு கேக்கறது? எம்பொண்ணு எங்கன்னு கேட்டா, அவ சம்மதம் இல்லாமச் சொல்ல முடியாதும்பா. லைப்ரரியில எட்டிப் பாத்தேன், இல்ல. சாப்புடற எடத்துல இல்ல. பாத்ரூம்ல போயி மிதுனான்னு மெதுவாக் கூப்புட்டேன், தண்ணிச் சத்தந்தான் வந்துச்சு. மாடி ஏறறப்ப மூட்டு கட்டுது, இந்த நாட்டுல வந்து மாடி ஏறவே மறந்து போச்சு. பெரிய கதவுக்கு உள்ள ஒரு வாத்தியார் சத்தமாப் பேசறாரு, அதுல ஒரு வார்த்தை எனக்குத் தெரிஞ்ச வார்த்தை, ஒரு நிமிசம் நின்னு கேக்கோணும்னு கூட இருந்துச்சு, சீ, இப்பப் போயி. நடையோட கடைசியில ஒரு பக்கம் பூரா கண்ணாடி, அங்க ரெண்டு நாற்காலி. ஒண்ணுல பை. இன்னொண்ணுல அவ. ஷூவக் கழட்டி வெச்சுட்டு, காலைத் தூக்கி மேல வெச்சு, முட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறா. போன் இல்ல, புக்கு இல்ல. கண்ணாடிக்கு வெளியதான் பாத்துக்கிட்டு இருக்கறா. எம்பக்கம் திரும்பல, ஆனா தோளு தூக்கிக்கிச்சு, நான் வந்தது அவளுக்குத் தெரியும்.

நீங்க கார்ல இருந்து எறங்குனதைப் பாத்தேன்ம்மா, ஓடிரலாமான்னு நெனச்சேன், எங்க ஓடறதுன்னு தெரியல. அவ குரல் அடியில இருந்து வருது. பையக் கீழ எறக்கிட்டு நான் அந்த நாற்காலியில உக்காந்தேன். கண்ணாடி வழியாப் பாத்தா கீழ நேரா எங்க கார் தெரியுது, ஓட்டறவ பக்கத்துக் கதவு பப்பரப்பான்னு தொறந்து கெடக்குது. தெனமும் இங்கயா சாமி உக்காந்திருந்தே? தலைய ஆட்டறா. ஏங்கண்ணு எங்கிட்டச் சொல்லல, திட்டுவேன்னா? இல்லங்கம்மா. பின்ன? மூக்க உறிஞ்சறா, கையாலயே தொடைச்சுக்கறா, துண்டு எடுத்துக் குடுக்கக்கூட எனக்குக் கை வரல. பள்ளிக்கூடத்துக் கவுன்சலர்கிட்டச் சொன்னேன், ஃபெயிலாகறதுக்குப் பதிலா கிளாஸை விட்டுரலாம்னாங்க, பேரை எடுத்துட்டாங்க, அன்னிக்கே உங்ககிட்டச் சொல்லிரலாம்னுதான் கீழ வந்தேன், நீங்க கார்ல உக்காந்து எதையோ எழுதி எழுதிப் பாத்துக்கிட்டு இருந்தீங்க, என்னப் பாத்ததும் டப்பாவத் தொறந்து குடுத்தீங்க, எப்படிம்மா சொல்றது. சரி கண்ணு, சரி, இனிமே நான் வரல, வந்து உக்காரல, போதும்னேன். அதுக்குத்தான் திரும்பிப் பாத்தா, மொத மொதலா. வேண்டாம்மா, வாங்க. வீட்டுல நீங்க என்னப் பாத்தாலே அது முடிச்சியா இது முடிச்சியான்னுதான் கேக்கறீங்க. இங்க இருந்து பாத்தா நீங்க சும்மா இருக்கறீங்க. கடலைய உரிச்சுத் திங்கறீங்க, கண்ணாடியில பொட்டச் சரி பண்றீங்க. எனக்கு அதைப் பாக்கப் புடிக்கும்மா. லைப்ரரிக்குக்கூடப் போகலாம், ஆனா அங்க இருந்து கார் தெரியாது.

நான் அழுதேன். சத்தம் வராம அழ வராது எனக்கு, நடையில போற ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க, பாக்கட்டும். போன் கையில நடுங்குது, அவர்தான், இன்னிக்கு என்ன நடத்துனாங்களாம்னு கேக்கறதுக்குக் கூப்புடறாரு. எடுக்கல. நின்னு போச்சு, மறுபடி நடுங்குச்சு, மறுபடி நின்னு போச்சு. அவ தலைய இழுத்து என் மடியில வெச்சுக்கிட்டேன், இத்தனை பெரிய தலை, பாதிதான் மடியில நிக்குது, முடி கையில கையில வருது. அம்மா-ன்னா. சொல்லு சாமி. அப்படியே கண்ண மூடிக்கிட்டே கேட்டா, இருபத்தொண்ணு ஆனா என்ன அனுப்பிருவீங்களா? எனக்கு முதல்ல புரியல. அனுப்பறது நாங்கன்னு நெனச்சிருக்கறா. இத்தனை வருசமா ரூம்ல நாங்க பேசுனதை எல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கிட்டு, அப்பாவும் அம்மாவும் சேந்து தன்னை அனுப்பறதுக்குத் தேதி பாத்துக்கிட்டு இருக்கறாங்கன்னு நெனச்சு வளந்திருக்கறா. அரசாங்கம், விசா, வரிசைன்னு ஆரம்பிச்சேன், அதெல்லாம் அவளுக்கு எதுக்கு, நிறுத்திட்டேன். அனுப்ப மாட்டேன் கண்ணு. நெசமாவாம்மா? அம்மா சத்தியமா அனுப்ப மாட்டேன். எங்கயும்? எங்கயும் அனுப்ப மாட்டேன். என் கையில இருக்கற மாதிரி சொன்னேன், தலையில கை வெச்சுச் சொன்னேன். அவ நம்பிட்டா. ஒடம்பு தளந்து மடியில அப்படியே பாரம் எறங்குச்சு, உடனே நம்பிட்டா. பதினாறு வயசுதானுங்களே.